எட்டாவது மைக்

லியோவுக்கு முப்பத்து மூன்று வயதாகியும் எதையும் நேராகக் கேட்கத் தெரியாது. ஹோட்டலில் தண்ணீர் வேண்டுமென்றால்கூட, "இங்க டம்ளர் ஏதாச்சும் இருக்குங்களா?" என்றுதான் ஆரம்பிப்பான். அப்படிப்பட்டவன் ஒரு பெண்ணின் குரல் மேல் ஆசை வைத்தால் என்ன செய்வான்? எட்டு மைக் மாட்டினான். அந்தக் கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

கணபதிப் பகுதியில் பம்ப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் ஒரு பட்டறையில் அவனுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் அந்தப் பகுதிச் சர்ச்சான பங்குக் கோயிலில் மைக் செட் பார்ப்பான். அதற்குச் சம்பளம் கிடையாது, ஏச்சு மட்டும் தாராளமாக உண்டு. "லியோண்ணா, சத்தம் வரல", "லியோண்ணா, மைக் கீச்சுங்குது" என்று பாடகர் குழுவில் ஆளாளுக்குக் கூவுவார்கள். சின்னப் பெண்கள் முதல் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள் வரை எல்லாருக்கும் அவன் லியோண்ணாதான். கிளாடிஸ் ஒருத்தி மட்டும் "ஏனுங்க லியோ" என்பாள். அவனைவிட நாலைந்து வயது இளையவள், இருந்தும் வாய் தவறிக்கூட அண்ணா என்றதில்லை. ஊரில் ஒரு பெண் இதைவிட வெளிச்சமாக எப்படிச் சொல்வாள்? கவனிக்க வேண்டியவன் மட்டும் கவனிக்கவில்லை.

கிளாடிஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாடகர் குழுவில் இரண்டாங்குரல். மெட்டை ஷைலாவும் மற்றவர்களும் மேலே பாடிக்கொண்டு போக, ஒரு படி கீழே கூடவே நடக்கிற குரல் அது. பெஞ்சில் உட்கார்ந்து பூசை காண்பவர்களுக்கு அது தனியாகக் காதில் விழாது. அவள் நைட் ஷிப்டு முடிந்து வராத ஞாயிறுகளில்தான், இன்றைக்குப் பாட்டு என்னவோ சப்பென்று இருக்கிறதே என்று தோன்றும். லியோவுக்கு மட்டும் அது தனியாகக் கேட்கும். மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்து வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, வேறு குரல் எதுவும் காதில் ஏறாத நிலைக்கு வந்திருந்தான்.

நவம்பர் மாதம் அவளுக்கு அயர்லாந்து விசா வந்துவிட்டது. குழுவே கைதட்டியது. லியோவும் தட்டினான். தட்டிவிட்டு, சுருட்டி வைத்திருந்த ஒயரை எடுத்து மறுபடி பிரித்துச் சுருட்டினான்.

அவளைப் போகாதே என்று சொல்ல அவன் யார்? கூடவே வருகிறேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவள் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவள், தான் கடைசல் எண்ணெய் நாறுகிற சட்டைக்காரன் என்று ஒரு கணக்கை அவனாகவே போட்டு, விடையையும் அவனாகவே எழுதிக்கொண்டான். மிஞ்சியது ஒரே ஒரு ஆசை. அவள் குரல் வேண்டும். யாரும் கலக்காமல், அவள் மட்டும். அது இருந்தால் காலத்தை ஓட்டிவிடலாம் என்று நம்பினான்.

அதற்கு வழியும் தானாக வந்தது. பாடகர் குழுவை நடத்தும் பிரகாசம் மாஸ்டர், கிறிஸ்துமஸுக்காகப் பாலன் இயேசுவுக்கு ஒரு தாலாட்டு எழுதி மெட்டும் போட்டிருந்தார். கிளாடிஸ் விமானம் ஏறுவதற்குள் அதைப் பதிவு செய்துவிட வேண்டுமென்றார். வழக்கமாக இரண்டு மைக்கை நடுவில் நிறுத்தி, எல்லாரும் பிறைவட்டமாக நின்று பாடுவார்கள். பதிவும் நன்றாகவே வரும்.

"இந்தத் தடவை எட்டு மைக் வெச்சிக்கலாங்க மாஸ்டர்" என்றான் லியோ. தெரிந்த ஒருவரிடமிருந்து எட்டு மைக் சேருகிற ஒரு பெட்டியை வாங்கி வந்திருந்தான். அதைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் ஒவ்வொரு மைக்கும் தனித்தனிக் கோடாகப் பதிவாகும், பிறகு யார் சத்தத்தை வேண்டுமானாலும் கூட்டலாம், குறைக்கலாம்.

"எதுக்குப்பா இத்தன? ரெண்டு போதாதா?"

"குவாலிட்டிங்க மாஸ்டர்."

குவாலிட்டியாம்! எட்டில் ஏழு மைக்கை, பாடுகிறவர்களுக்கும் கீபோர்டு தபேலாவுக்குமாகப் பங்கு வைத்தான். பாடுகிறவர்களில் இரண்டு பேருக்கு ஒன்று, மூன்று பேருக்கு ஒன்று. எட்டாவது மைக் கிளாடிஸுக்கு மட்டும். ஏன் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு காரணத்தையும் தயாராக வைத்திருந்தான். அவள் உயரம் கம்மி, மற்றவர்கள் மைக் அவளுக்கு எட்டாது. நல்லவேளை, அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

ஞாயிறு மத்தியானம், பக்கத்துப் பட்டறைகள் ஓடாத நேரமாகப் பார்த்துக் கோயிலில் கூடினார்கள். ஃபேனை நிறுத்தினார்கள். லியோ ஒவ்வொருவரையும் மைக்கில் பேசச் சொன்னான். பேசப் பேசப் பெட்டியில் ஒவ்வொரு பச்சை விளக்காக எரிந்தது, எட்டும் எரிந்தது. ஹெட்போனைப் பெட்டியிலேயே செருகியிருந்தான். காதில் எல்லாம் கண்ணாடி மாதிரி கேட்டது. கம்ப்யூட்டரில் எப்போதும் பயன்படுத்துகிற இலவச மென்பொருளைத் திறந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினான். திரையில் இரண்டு கோடுகள்தான் ஓடின. சரி, எட்டையும் இந்த இரண்டுக்குள் வைத்திருக்கும், பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டான். அந்த நிமிஷத்தில் அவனுக்கு ஆராய்ச்சி செய்கிற புத்தி எங்கே இருந்தது? எட்டாவது மைக்கிலிருந்து அவள் மூச்சு விடுவதுகூட அவன் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏனுங்க லியோ, ரெக்கார்ட் ஆகுதுங்களா?" என்றாள், மைக்குக்குப் பக்கத்தில் வந்து, மெதுவாக.

யாருக்கும் கேட்டிருக்காது. ஹெட்போனில் அவனுக்கு மட்டும் கேட்டது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவள் சிரித்தாள். பாட்டு ஆரம்பித்தது.

அந்த வாரமே கிளம்பிவிட்டாள். வழியனுப்பக் குழு முழுக்கப் பீளமேடு ஏர்போர்ட்டுக்குப் போனது. அவள் அப்பா பிரான்சிஸ் பெட்டிகளின் எடையை நினைத்துக் கவலைப்பட்டார், பிரகாசம் மாஸ்டர் ஜெபம் சொன்னார், ஷைலா அழுதாள். லியோ டிராலியைத் தள்ளிக்கொண்டு வாசல் வரை போனான். இதற்கு மேல் விடமாட்டார்கள் என்கிற இடத்தில் கிளாடிஸ் திரும்பினாள்.

"பாட்டை அனுப்பி வெப்பீங்கல்ல? அங்க போயி என்ர குரலை நான் கேக்கோணும்."

"அனுப்பறேனுங்க."

"வாரேனுங்க, லியோ."

இன்னும் ஏதோ கேட்கப்போகிறவள் மாதிரி நின்றாள். அவன் டிராலியின் சக்கரத்தைப் பார்த்தான். ஒரு சக்கரம் கொஞ்சம் ஆடியது. "சக்கரம் ஆடுதுங்க, பாத்துத் தள்ளுங்க" என்றான். ஏர்போர்ட்டில் ஒரு பெண்ணுக்கு இவன் சொன்ன பிரியாவிடை இது.

மறுநாள் வேலை முடிந்து வந்து கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் கம்ப்யூட்டரைத் திறந்தான். மற்ற ஏழையும் ஊமையாக்கிவிட்டு எட்டாவதை மட்டும் கேட்க வேண்டும், அவ்வளவுதான். தேடினான். இரண்டு கோடுகள்தான் இருந்தன. ஒன்று ஷைலா நின்ற முதல் மைக், மற்றது பக்கத்துப் பெண்கள் நின்ற இரண்டாவது மைக். மூன்று இல்லை, நான்கு இல்லை, எட்டு இல்லவே இல்லை. கம்ப்யூட்டரில் இருந்த எல்லா ஃபோல்டரையும் திறந்து மூடினான். குப்பைத்தொட்டியையும் கொட்டிப் பார்த்தான்.

இணையத்தில் தேடியபோதுதான், தன்னைப் போல ஏமாந்தவர்கள் உலகம் முழுக்க இருப்பது தெரிந்தது. எட்டு மைக் பெட்டி வாங்கினேன், இரண்டுதான் பதிவாகிறது, ஏன் என்று எத்தனையோ பேர் கேட்டிருந்தார்கள். பதிலும் அங்கேயே இருந்தது. அந்த மாதிரிப் பெட்டி எட்டு வழியையும் கம்ப்யூட்டருக்குள் அனுப்ப ஆசியோ என்று தனியாக ஒரு டிரைவர், அதாவது இரண்டுக்கும் நடுவே பாலம் போடுகிற ஒரு சின்ன நிரல், வேண்டும். உரிமச் சிக்கலால் அந்த இலவச மென்பொருளோடு அதைச் சேர்த்துக் கொடுப்பதில்லை. அது இல்லாவிட்டால் மென்பொருள் முதல் இரண்டு மைக்கை மட்டும் உள்ளே விட்டு, மற்றவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும். எரிந்த பச்சை விளக்கு பெட்டியின் விளக்கு. ஹெட்போனில் கேட்டதும் பெட்டியிலிருந்து நேராகக் காதுக்கு வந்ததுதான். கம்ப்யூட்டருக்கு அது போகவே இல்லை.

அப்படியென்றால் அன்றைக்கு முழுக்க அவள் பாடியது அவன் காதோடு சரி. ஒருவருக்கும் கிடைக்காத மாதிரி அவன் கேட்டான், அது எங்கேயும் தங்கவில்லை. பழையபடி இரண்டு மைக்கை நடுவில் வைத்திருந்தால் எல்லாரோடும் சேர்ந்து அவளும் பதிவாகியிருப்பாள். தனியாக வேண்டுமென்று ஆசைப்பட்டு எட்டாவதில் நிறுத்தியவன் அவனேதான். லியோ நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்தது, அடக்காமல் அழுதான்.

அப்புறமும் விட மனசில்லை. ஷைலாவின் மைக்கில் பதிவானதை ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்டான். இரண்டாவது அடியின் கடைசியில் ஷைலா மூச்சு வாங்குகிற ஒரு இடம் வந்தது. அந்த இடத்தில், பக்கத்து வீட்டில் யாரோ பாடுவது மாதிரி, வெகு தூரத்தில் கிளாடிஸ் இருந்தாள். அவள் மட்டும்தான் அந்தச் சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். ஷைலா மறுபடி வாயைத் திறந்ததும் காணாமல் போனாள். அந்தத் துளியை வெட்டி எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டான். வாரம் முழுக்கக் காலையில் பட்டறைக்குக் கிளம்பும் முன்னால் ஒரு தடவை அதைக் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தான்.

பிரகாசம் மாஸ்டரிடம் சொல்லாமல் தீருமா? சொன்னான். மனுஷர் எகிறிவிட்டார்.

"ரெண்டு மைக் போதும்னு சொன்னனா இல்லியா? குவாலிட்டி, குவாலிட்டின்னு என்ர பாட்டைக் கெடுத்துப்போட்டயே சாமி! மத்தவங்களைத் திருப்பிப் பாட வெச்சுக்கலாம். அந்த அம்மணிக்கு எங்க போறது?"

"அவங்களை அங்கிருந்தே பாடி அனுப்பச் சொல்லலாங்க மாஸ்டர். மத்தவங்க பாடறதை அனுப்பி வெச்சா, அதைக் காதுல கேட்டுக்கிட்டே பாடிருவாங்க."

"அப்ப நீயே கேளு. நீ கெடுத்தது, நீதான் கேக்கோணும்."

வீட்டில் அம்மா அமலி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு டிரைவரும் தெரியாது, சானலும் தெரியாது. ஆனால் மகனைத் தெரியும்.

"கண்ணு, ஒண்ணு கேக்கறேன். அந்தப் புள்ள உன்னைய ஒருக்காவது அண்ணான்னு கூப்புட்டிருக்குதா?"

லியோ யோசித்தான். வருஷக்கணக்கான ஞாயிற்றுக்கிழமைகளை ஒவ்வொன்றாக யோசித்தான்.

"இல்லீம்மா."

"அப்பறம் என்ன இழவுக்குடா மைக்கை எண்ணிக்கிட்டு உக்காந்திருந்த?" என்றாள் அம்மா. வெங்காயத்துக்கா வேறு எதற்கா தெரியவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு மற்றவர்களை வைத்துப் பழைய முறைப்படியே பதிவு செய்து அவளுக்கு அனுப்பிவிட்டு, சாயங்காலம் போன் செய்தான். நடந்ததையெல்லாம் சொன்னான். டிரைவர் கதையை விலாவாரியாகச் சொன்னான், அதைச் சொல்லும்போது மட்டும் அவனுக்கு நாக்கு தடுமாறாது. கிளாடிஸ் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப நான் கேட்டப்ப ஆகுதுன்னு வெரலைத் தூக்கிக் காட்டினீங்க?"

"ஆகுதுன்னுதானுங்க நெனச்சேன்."

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"ஏனுங்க லியோ, ஒண்ணு கேக்கட்டுங்களா? எல்லாருக்கும் ரெண்டு பேருக்கு ஒரு மைக், மூணு பேருக்கு ஒரு மைக். எனக்கு மட்டும் எதுக்குங்க தனியா?"

தயாராக வைத்திருந்த காரணம் வாயில் வந்து விழுந்தது. "நீங்க உயரம் கம்மிங்க. ஸ்டாண்டு எட்டாது, அதானுங்க."

"ஷைலாக்கா என்னைய விட உயரம் கம்மிங்க."

அந்தப் பக்கம் மழை பெய்யும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் காத்திருந்து பார்த்தாள். பிறகு அவளே பேசினாள்.

"அப்பா ஒரு எடம் பாத்திருக்காருங்க. கிணத்துக்கடவுக்காரரு, இங்க பக்கத்து ஊர்லதான் வேலை. நான் இன்னும் ஒண்ணும் சொல்லலைங்க."

"அப்படிங்களா."

"அப்படித்தானுங்க. நான் பாடி அனுப்பறேன். கேட்டுப்போட்டு உங்குளுக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க. சும்மா நல்லா இருக்குதுன்னு சொல்லிப்போடாதீங்க, என்ன?"

ஒரு பெண் இதற்கு மேல் கதவைத் திறக்க முடியாது, கதவைக் கழற்றித்தான் வைக்க வேண்டும்.

ஓரிரு நாளில் பாட்டு வந்தது. லியோ அறைக்குள் போய் ஹெட்போனை மாட்டினான். "ஏனுங்க லியோ, ரெக்கார்ட் ஆகுதுங்க. இந்தத் தடவை நானே பாத்துட்டேன்" என்று முதலில் சொன்னாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு பாடினாள். அவளுடைய அறை ஜன்னலுக்கு வெளியே மழை. மேலே ஒரு குரலும் இல்லை, கீபோர்டு இல்லை, தபேலா இல்லை. அவன் ஆசைப்பட்டது அப்படியே வந்துவிட்டது, அவள் குரல் மட்டும்.

ஆனால் இரண்டாங்குரலைத் தனியாகக் கேட்டால் அது பாட்டாக இல்லை. எதிரில் ஒருவர் பேச, இவள் பதில் சொல்கிற மாதிரி, பாதிப் பேச்சாக இருந்தது. அந்த இன்னொரு பாதிக்கு அவள் இடம் விட்டு விட்டுப் பாடிக்கொண்டு போனாள். பாட்டு முடிந்த பிறகும் அவள் பதிவை நிறுத்தவில்லை. மூச்சு கேட்டது. மழை கேட்டது. ஏதோ சொல்ல வாயெடுக்கிற மாதிரி இருந்தது. பிறகு டக்கென்று நின்றது.

லியோ போனை எடுத்தான். எட்டாவது மைக் உங்குளுக்காகத்தானுங்க வெச்சேன் என்று எழுதினான். பார்த்தான். அழித்தான். அந்த எடத்துக்குச் சரின்னு சொல்லிப்போடாதீங்க என்று எழுதினான். இதைச் சொல்ல நாம் யார் என்று அதையும் அழித்தான். அம்மா வெளியிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். வாரேன் என்றான். கடைசியில் தனக்கு நன்றாகத் தெரிந்ததை மட்டும் எழுதி அனுப்பிவிட்டான்.

"நல்லா வந்திருக்குங்க. லெவல் கரெக்ட். பின்னாடி மழைச் சத்தம் மட்டும் இருக்கு, அதை எடுத்துடறேன்."

அடப் பாவி மனுஷா!

அவள் பார்த்துவிட்டாள் என்று போனில் இரண்டு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. அன்றைக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. வாரக் கடைசியில், அவன் பட்டறையில் கையுறையோடு நிற்கும்போது வந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுப் படித்தான்.

"சரிங்கண்ணா. தேங்க்ஸ்."

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. லியோ அந்த இரண்டு வார்த்தையில் முதல் வார்த்தையையே பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்து மிஷின்காரர், "என்னப்பா, ஊட்டுல யாருக்காச்சும் மேலுக்குச் சரியில்லையா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினான்.

கிறிஸ்துமஸுக்குக் குடிலுக்குப் பக்கத்தில் தாலாட்டை ஒலிபரப்பினார்கள். கிளாடிஸின் குரலை மற்றவர்களோடு அவன் அவ்வளவு பொருத்தமாகச் சேர்த்திருந்தான், அவள் ஊரில் இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். மழைச் சத்தத்தை மட்டும் எடுக்கவில்லை. எடுக்க மனசு வரவில்லை. "தாலாட்டுக்கு மழையைச் சேத்தது பிரமாதம்ப்பா, எங்க புடிச்ச அதை?" என்று பிரகாசம் மாஸ்டர் முதுகில் தட்டினார்.

பண்டிகை முடிந்ததும் அடுத்த தெருக் கௌதமனைப் பிடித்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். அந்த மென்பொருளின் மூலநிரலை இறக்கி, ஆசியோவையும் கூடச் சேர்த்து, இவன் கம்ப்யூட்டருக்கென்று தனியாகக் கட்டிக் கொடுத்தான். இதை நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ளலாம், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான். சோதித்துப் பார்த்தபோது எட்டு மைக்குக்கும் எட்டுக் கோடு தனித்தனியாக ஓடியது. படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்கள் வீட்டில் கேட்பதற்காக ஞாயிற்றுக்கிழமைப் பூசையைப் பதிவு செய்ய ஆரம்பித்தான்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு. பூசை முடியும் தறுவாயில் பாதர் அறிவிப்புகளை எடுத்தார். கல்யாணம் நிச்சயமானவர்களின் பெயரை மூன்று ஞாயிறு கோயிலில் எல்லாரும் கேட்கப் படிப்பது வழக்கம். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லிக்கொள்ளலாம்.

"நமது பங்கைச் சேர்ந்த பிரான்சிஸின் மகள் கிளாடிஸுக்கும், கிணத்துக்கடவைச் சேர்ந்த..."

பாதருக்கு எப்போதும் பெயர் படிக்கும்போது குரல் உள்ளே போய்விடும். லியோவின் கை பழக்கத்தில் தானாக நகர்ந்து சத்தத்தைக் கூட்டியது. அவள் பெயரும், பிராங்க் என்கிற மாப்பிள்ளை பெயரும் கடைசி பெஞ்சு வரை தெளிவாகப் போய்ச் சேர்ந்தன. முன்வரிசையில் அமலி திரும்பி மகனைப் பார்த்தாள்.

"இது முதல் அறிக்கை. இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்க வேண்டும்."

பாதர் அடுத்த தாளைத் தேடினார். கொஞ்ச நேரம் கோயிலில் ஒரு சத்தமும் இல்லை. லியோ திரையைப் பார்த்தான். எட்டுக் கோடும் ஆடாமல் அசையாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தன. அவன் பக்கத்திலேயே ஒரு மைக் இருந்தது. அதுவும் ஆனில்தான் இருந்தது.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. லியோவும் சொல்லவில்லை. அவன் சொல்லாததும் இந்தத் தடவை எட்டிலும் சுத்தமாகப் பதிவாகிவிட்டது.